கேபிள் குழியில் நல்ல தண்ணீர்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வாருங்கள். என் குரல் முன்னைப் போல அவ்வளவு தூரம் எட்டுவதில்லை. இன்றைக்குச் சொல்லப்போகிற கதையில் ராஜா இல்லை, பேய் இல்லை. ஒரு மாமியார், ஒரு மருமகன், இவர்களுக்கு நடுவே தரைக்கடியில் ஒரு குழி. ஆனாலும் பாதியில் எழுந்து போக உங்களுக்கு மனசு வராது. அதற்கு நான் பொறுப்பு.

கடற்கரைச் சாலை முடிகிற இடத்தில் ஜன்னலே இல்லாத ஒரு கட்டடம் இருந்தது. கடலுக்கடியில் படுத்துக் கிடக்கும் கேபிள்கள் கரையேறி முதன்முதலாக நுழைகிற வீடு அதுதான். ஆஸ்பத்திரி பேசுவது, துறைமுகம் பேசுவது, தூர தேசத்தில் இருக்கிற பிள்ளை தன் அம்மாவோடு பேசுவது எல்லாம் அந்த வீட்டுக்குள் புகுந்துதான் வெளியே போகும். மணலுக்கடியிலிருந்து பன்னிரண்டு குழாய்கள் சாலைக்குக் கீழே வந்து, கட்டடத்தின் அடியில், ஆளுயரத்தைவிட ஆழமான ஒரு சிமென்ட் குழிக்குள் தலை நீட்டும். ஒன்பதில் கேபிள். மூன்று காலி, அடைத்து வைத்திருந்தார்கள். குழியிலிருந்து ஒரு கால்வாய் வழியாகக் கேபிள்கள் மேலேறி, பக்கத்திலுள்ள பேட்டரி அறைக்குப் போகும். அங்கே வரிசை வரிசையாக நூற்றிருபது பேட்டரிகள். கரண்ட் போனாலும் அவைதான் எல்லாவற்றுக்கும் மூச்சு. அவற்றின் காலைத் தண்ணீர் தொட்டுவிட்டால், அந்தக் கரை முழுக்க ஊமை.

அந்தப் பேட்டரிகளை இருபத்தாறு வருஷமாகப் பார்த்துக்கொண்டவளைப் பேட்டரியக்கா என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். எதையும் லேசில் நம்பமாட்டாள். பூட்டிய கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள், பத்தடி நடப்பாள், திரும்பி வந்து மூன்றாவது தடவையும் இழுப்பாள். கடிகாரம் பத்து மணி என்றால், வெளியே போய் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு வந்து, "சரி, இருக்கலாம்" என்பாள். கணவன் போன பிறகு ஒற்றையாளாக நின்று மகளை ஆளாக்கியவள். அதனால் வந்த பழக்கமா, பிறவியிலேயே இருந்ததா, யார் கண்டார்கள்.

இது நடப்பதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு புயலில் கடல் எழும்பிக் கட்டடத்தின் இரண்டாவது படி வரை வந்துவிட்டுப் போனது. மேலிடம் அரண்டுவிட்டது. ஜெனரேட்டரைத் தூண்மேல் ஏற்றினார்கள். வாசல்களின் இரண்டு பக்கமும் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, ரப்பர் விளிம்பு வைத்த அலுமினியப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகும்படி செய்தார்கள். கேபிள் குழிக்குள் ஒரு பம்ப் இறக்கினார்கள். பம்புக்குப் பக்கத்தில் ஒரு கம்பி, அதில் கோர்த்த பந்து மாதிரி ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும்; மிதவை ஏறினால் மோட்டார் தானாக ஓடும். பம்பும் மிதவையும் இருக்கிற பெட்டிக்குப் பம்ப் கம்பெனிக்காரர்கள் கம்பி கட்டிச் சீல் வைத்துவிட்டார்கள். தங்கள் ஆளைத் தவிர வேறு யாரும் திறந்தால் தாங்கள் பொறுப்பில்லை என்று கடிதமும் கொடுத்தார்கள்.

அதோடு, மழைக்காலம் முடியும் வரை தற்காலிகமாக ஒரு பம்ப் ஆள். அந்த வேலைக்கு வந்தவர்தான் பேட்டரியக்காவின் மாப்பிள்ளை. அக்காதான் ஆபீசரிடம் போய் நின்று, "வேலை தெரிஞ்சவர் சார், நான் பொறுப்பு" என்று வாங்கிக் கொடுத்தாள். அவள் யாருக்காகவும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. மகள் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததால் சொன்னாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வழக்கம்போல ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்த அக்கா, குழியின் இரும்பு மூடியைத் தூக்கி, கைவிளக்கை அடித்தாள். தரை ஈரம். மூலையில் ஒரு உள்ளங்கை அளவு தண்ணீர் தேங்கி மினுங்கியது. ஏணியில் இறங்கி, விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்பில்லை.

கடற்கரையில், கடல் தண்ணீர் வந்துவிடுமே என்று கட்டிய குழியில், நல்ல தண்ணீர். அதாவது குழாய்த் தண்ணீர். குழிக்கு மேலேயோ பக்கத்திலேயோ தண்ணீர்க் குழாய் எதுவும் கிடையாது.

மேலே வந்தபோது, வாசல் காவலுக்கு இருக்கிற கேட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்தால் கிண்டல்தான் அவருக்கு.

"என்னக்கா, குழித் தண்ணிய நக்கிப் பாக்கறீங்க? தாகமா இருந்தா சொல்லக் கூடாதா? டீ வாங்கிட்டு வந்திருப்பேனே."

"காலைல இந்தப் பக்கம் யாரு வந்தாங்க?"

"காலைல இந்தப் பக்கம் நீங்க வந்தீங்க. சந்தேகமா இருந்தா உங்களையே கேட்டுப் பாருங்க."

அக்கா சிரிக்கவில்லை. சுவரில் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மீட்டரைப் பார்த்தாள். பம்ப் மொத்தம் எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று அது காட்டும். மழையே இல்லாத மூன்று வாரத்தில் அது ஏறியிருந்தது.

வெள்ளிக்கிழமை மறுபடி ஈரம். மறுபடி நல்ல தண்ணீர். மீட்டர் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. அடுத்த திங்கட்கிழமை வேலை முடிந்து போகும்போது, கழுவுமிடத்தில் கவிழ்த்து வைத்திருந்த இரண்டு வாளிகளையும் சுற்றிச் சாக்பீஸால் தரையில் கோடு போட்டுவிட்டுப் போனாள். செவ்வாய் காலை வந்து பார்த்தால், வாளிகள் கோட்டிலிருந்து நான்கு விரல் தள்ளி உட்கார்ந்திருந்தன. உள்ளே இன்னும் ஈரம்.

மாப்பிள்ளை ஜெனரேட்டர் படியில் உட்கார்ந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, குழிக்குள்ள ஈரமா இருக்கே, எப்படி?"

"ஈரமா?" என்று நிமிர்ந்தார். "தெரியலையே அத்தை. காத்துல இருக்கற ஈரமா இருக்கும்."

காற்றின் ஈரம் மூலையில் குட்டையாகத் தேங்குமா? அக்கா குனிந்து அவர் காலைப் பார்த்தாள். கால்சட்டையின் கீழ்விளிம்பு இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. அவர் மெதுவாகக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

சொல்லுங்கள் கண்ணுகளா, நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? அக்கா நினைத்ததற்கு ஆதாரம் நோட்டீஸ் பலகையிலேயே ஒட்டியிருந்தது. மழைக்காலம் முடிந்ததும் பம்ப் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்த்து, அந்த வேலையை நிரந்தரமாக்குவதா, எடுத்துவிடுவதா என்று முடிவு செய்வார்களாம். பம்ப் ஓடாவிட்டால் பம்ப் ஆளுக்கு என்ன வேலை? ஆக, தண்ணீர் வராத குழிக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுக்கிறார் மாப்பிள்ளை. மோட்டாரை வீணுக்கு ஓட்டுகிறார். மீட்டர் ஏறுகிறது. அதுவும் எங்கே? பேட்டரிகளுக்குக் காலடியில். அதுவும் யாருடைய பேச்சை நம்பி உள்ளே விடப்பட்டவர்?

அன்று சாயங்காலம் மகள் வீட்டுக்கு மாடியேறினாள். இவள் கீழே, அவர்கள் மேலே, ஒரே கட்டடம்தான். மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் வீட்டுக்காரர் காலைல எத்தன மணிக்குக் கிளம்பறார்?"

"ஏம்மா?"

"சும்மாதான் கேட்டேன்."

"நீ சும்மா கேட்டு நான் பாத்ததே இல்லையே. டப்பா மேல உப்புன்னு எழுதியிருந்தாலும், தொறந்து நாக்குல வெச்சாத்தான் உனக்கு அது உப்பு. என்ன விஷயம்?"

"செவ்வாயும் வெள்ளியும் சீக்கிரமா போறாரா?"

மகளின் கை ஒரு சட்டையில் நின்றது. "ஆமா. வேலை இருக்குன்னார். ஏன், வேற என்ன?" அந்த 'வேற என்ன'வில் இப்போது மகளுக்கே ஒரு முள் தைத்திருந்தது. அக்கா இறங்கி வந்துவிட்டாள். ஒரு வீட்டில் ஒருவர் மூட்டினால் போதும், கண்ணுகளா. புகை எல்லா அறைக்கும் போகும்.

மறுநாள் அக்கா இரண்டு காரியம் செய்தாள். குழி மூடியில் பூட்டு மாட்டுவதற்கு வளையம் இருந்தது, பூட்டுத்தான் இல்லை. தன் வீட்டுப் பெட்டிப் பூட்டைக் கொண்டுவந்து மாட்டி, சாவியை ஒரு நூலில் கோர்த்துக் கழுத்தில் போட்டுச் சட்டைக்குள் விட்டுக்கொண்டாள். பிறகு நேராக ஆபீசர் அறைக்குப் போனாள். எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பதால் அவருக்கு நாளைக்கு சார் என்றே பெயர்.

"சார், கேபிள் குழிக்குள்ள யாரோ வேணும்னே தண்ணி ஊத்தறாங்க. எழுதிக் குடுத்திருக்கேன்."

அவர் படித்தார். மறுபடி படித்தார். "அக்கா, நீங்க எழுதியிருக்கறது உங்க மாப்பிள்ளையப் பத்தி."

"மாப்பிள்ளையெல்லாம் வீட்டுல சார். இங்க அவர் பம்ப் ஆள்."

"நெசம்னா வேலை போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும்." மகளின் குடும்பம் அந்த வேலையைப் பிடித்துத்தான் நின்றுகொண்டிருந்தது.

"அடுத்த வாரம் சனிக்கிழமை பம்ப் கம்பெனி ஆள் வரார். அன்னிக்கே விசாரிச்சிடலாம்."

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை குழி மூடிக்கு முன்னால் சிலையாக நின்றதை அக்கா பேட்டரி அறைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். அவர் பூட்டைத் தொட்டார். இழுத்துப் பார்த்தார். பிறகு நேரே அவளிடம் வந்தார்.

"அத்தை, குழிக்குப் பூட்டுப் போட்டிருக்கே. யாரோட பூட்டு?"

"ஆபீஸ் பூட்டு."

"சாவி?"

"ஆபீஸ்ல இருக்கும்."

"ஒரு பத்து நிமிஷம் தொறந்து விடச் சொல்லுங்களேன்."

"எதுக்கு?"

அவர் குழிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "பம்ப் சுத்தி தூசியா இருக்கும். தொடைக்கலாம்னு."

"சீல் வெச்ச பம்ப நாம தொடக்கூடாது மாப்பிள்ளை. கம்பெனி ஆள் மாசாமாசம் வந்து பட்டனை அமுக்கி ஓட்டிப் பாத்துட்டு, நல்லா இருக்குன்னு முத்திரை குத்திட்டுத்தானே போறார்?"

பாருங்கள், வெயிலைப் பார்க்காமல் கடிகாரத்தை நம்பாதவள், அந்த முத்திரையை மட்டும் நம்பினாள். மாப்பிள்ளை திரும்பிப் போனார். போகிற முதுகைப் பார்த்து, 'திருட்டுத்தனம் பிடிபட்ட நடை' என்று அக்கா தனக்குள் எழுதி வைத்துக்கொண்டாள்.

மறு செவ்வாய் அவர் மறுபடி கேட்டார். புதன்கிழமை நாளைக்கு சாரிடமும் போய்க் கேட்டார். "என்ன பூட்டு? எந்தப் பூட்டு? சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் அவர். வியாழக்கிழமை ரேடியோவில் சொல்லிவிட்டார்கள்: புயல் திரும்பிவிட்டது, வெள்ளி காலை பதினோரு மணிக்குக் கடலேற்றம் உச்சத்தில் இருக்கும்போது கரையைத் தொடும்.

அன்று மாப்பிள்ளை அக்காவிடம் கெஞ்சாத குறை. "அத்தை, கடல் ஏறப்போகுது. அந்தச் சாவி யார்கிட்ட இருக்குன்னாவது சொல்லுங்க."

"இவ்வளவு துடிக்கறீங்களே, உள்ள அப்படி என்னதான் வெச்சிருக்கீங்க?"

அவர் முகம் கறுத்தது. "ஒண்ணும் வெக்கல" என்று போய்விட்டார்.

அக்காவுக்கும் ஒரு கணம் உறுத்தியது. திறந்துவிடலாமா? ஆனால் திறந்தால் இன்றும் நாலு வாளி ஊற்றிவிட்டு, நாளைக்குக் கடல் மேல் பழியைப் போட்டுவிடலாம் அல்லவா? இன்னும் இரண்டே நாள், சனிக்கிழமை விசாரணை. அதுவரை குழி இருந்தபடி இருக்கட்டும் என்று முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கட்டடத்தில் மூன்றே பேர். நாளைக்கு சார் வரும் வழியில் சாலை முழுகிவிட்டதால் அந்தப்பக்கம் மாட்டிக்கொண்டு, போனில் மட்டும் இருந்தார். மூவருமாகச் சேர்ந்து வாசல் காடிகளில் பலகைகளைச் செருகினார்கள். ஒவ்வொரு பலகையின் ரப்பர் விளிம்பையும் அக்கா விரலால் தடவிப் பார்த்தாள். கேட்டுக்காரர், "அக்கா, கடல் வந்து கதவத் தட்டினா யாருன்னு கேட்டுட்டுத்தானே விடுவீங்க?" என்றார்.

பத்தரை மணிக்குக் கடல் சாலையைத் தாண்டியது. அலையாக வரவில்லை. சாலையே கனத்து மேலே எழும்புவது மாதிரி வந்தது. மதில் மறைந்தது, படிகள் மறைந்தன. பலகைகளுக்கு வெளியே இடுப்பளவு பழுப்புத் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே ஒரு சொட்டுக்கூட இல்லை. காய்ந்த தரையைப் பார்த்துக் கேட்டுக்காரர் கையைத் தட்டினார். அக்காவுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"பம்ப் சத்தம் வரலையே."

"உள்ள தண்ணி இல்லேன்னா எதுக்கு ஓடணும்?"

"வெளிய இவ்வளவு தண்ணி நிக்கும்போது குழாய்ல கேபிளச் சுத்தி கசியாம இருக்காது அத்தை. கசியும்னு தெரிஞ்சுதானே பம்பே வெச்சாங்க? மீட்டரப் பாருங்க."

மீட்டர் அசையவில்லை. அவர் குப்புறப் படுத்து மூடியில் காதை வைத்தார். பிறகு நகர்ந்து இடம் விட்டார். அக்கா குனிந்து காதை வைத்தாள். உள்ளே, தொட்டிக்குள் ஏழெட்டுக் குழாய்களைத் திறந்து விட்டது போல, இடைவிடாத சளசளப்பு.

"அத்தை, மிதவை ஒட்டிக்கிச்சு."

"என்ன ஒட்டிக்கிச்சு?"

"மிதவை. அது போற கம்பியில இந்த உப்புக்காத்து படிஞ்சு கல்லு மாதிரி ஆயிடுது. நாலு நாள் அசையாம இருந்தா அங்கயே புடிச்சுக்கும். தண்ணி வந்தா அது ஏறாது. அது ஏறலேன்னா மோட்டாருக்குத் தண்ணி வந்ததே தெரியாது. நான் வந்த மூணாவது வாரம், சும்மா பாக்கலாமேன்னு ரெண்டு வாளி ஊத்தினேன். ஓடல. அப்பறம் பெட்டியத் திறந்து சரி பண்ணினேன். அதுலேந்து வாரத்துக்கு ரெண்டு தடவ ஊத்தி, மிதக்க விட்டு எடுத்துக்கிட்டிருந்தேன். கடல் தண்ணி ஊத்தினா இன்னும் உப்பு சேருமேன்னு நல்ல தண்ணி."

"கம்பெனி ஆள் ஓட்டிப் பாக்கறாரே!"

"அவர் பட்டன அமுக்கறார். பட்டன அமுக்கினா மோட்டார் நேரா ஓடிடும். மிதவைய யாருமே அசைச்சுப் பாக்கறதில்ல."

"இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"சீல் உடைச்சிருக்கேன் அத்தை. வெளிய தெரியாம கம்பிய முறுக்கி வெச்சிருக்கேன்." அவர் குரல் இறங்கிப்போனது. "சொன்னா வேலை போயிடும். உங்ககிட்ட சொன்னா நீங்க போய்ச் சொல்லிடுவீங்க."

அது அவள் மேல் வைத்த பழி இல்லை, கண்ணுகளா. உள்ளதைத்தான் சொன்னார். இருந்தாலும், இது இன்னொரு கதையோ என்று அந்த நேரத்திலும் அவள் மனசின் ஒரு மூலை முணுமுணுத்தது. மூடிக்கடியில் சளசளப்பு கனத்துக்கொண்டே வந்தது. அவள் கழுத்துக்குள் கையை விட்டு நூலை இழுத்தாள். சாவி வெளியே வந்தது.

மாப்பிள்ளை அந்தச் சாவியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

மூடியைத் தூக்கினால், குனிந்து தொடுகிற தூரத்தில் தண்ணீர். இன்னும் இரண்டு சாண் ஏறினால் கேபிள் கால்வாய். அங்கிருந்து பேட்டரி அறை. பம்ப், மிதவை, பட்டன் எல்லாம் அடியில் முழுகிக் கிடந்தன. மாப்பிள்ளை செருப்பைக் கழற்றினார்.

"இறங்காதீங்க! கரண்ட் இருக்கு!" அக்கா ஓடிப்போய்ச் சுவரில் பம்ப் சுவிட்சை அணைத்தாள். "இப்ப இறங்கலாம். நான் இங்கயே நிக்கறேன், யாரையும் தொட விடமாட்டேன்."

அவர் இறங்கவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஃபியூஸ் கட்டையக் கழட்டுங்க."

"அதான் சுவிட்ச் அணைச்சாச்சே. பக்கத்துலதான் நிக்கறேன் மாப்பிள்ளை."

"பூட்டையும் ஆபீஸ் பூட்டுன்னுதான் சொன்னீங்க."

அக்காவுக்கு அடி வாங்கியது போல் இருந்தது. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி நீட்டினாள். அவர் அதை வாங்கிக் கேட்டுக்காரரின் சட்டைப் பையில் போட்டு, பித்தானையும் மாட்டிவிட்டார். "நான் மேல வந்து கேக்கற வரைக்கும் யாருக்கும் குடுக்கக்கூடாது."

"எங்க வீட்டுல டிவி ரிமோட்டைக்கூட என்னை நம்பிக் குடுக்கமாட்டாங்க, தம்பி" என்றார் கேட்டுக்காரர். ஆனால் ஒரு கையால் பையை இறுகப் பொத்திக்கொண்டார். இன்னொரு கையில், மாப்பிள்ளை இடுப்பில் கட்டிய கயிறு.

அவர் மூழ்கினார். அக்கா எண்ணினாள். நாற்பது வந்தபோது மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி மூழ்கினார். பழுப்புத் தண்ணீரில் கயிறு மட்டும் தெரிந்தது. மேலே வந்து, "அசைய மாட்டேங்குது" என்றார். அவர் முழங்கை கிழிந்து ரத்தம் கசிந்தது. மூன்றாவது தடவை மூழ்கியபோது அக்கா எண்ணுவதை விட்டுவிட்டாள். பூட்டு தொங்கிய பத்து நாளில், மிதவை கம்பியோடு கல்லாகிக்கொண்டிருந்த ஒரு வெள்ளியும் ஒரு செவ்வாயும் அவள் கண் முன்னால் வந்து நின்றன. மகள் கேட்பாளே, 'வேற என்ன' என்று. என்ன சொல்வாள்?

கயிறு வெடுக்கென்று இழுபட்டது. மாப்பிள்ளையின் தலை வந்தது. பின்னாலேயே தண்ணீருக்கு மேல், கம்பியிலிருந்து கழன்றுவந்த மிதவை குபுக்கென்று எழும்பி, ஒயர் நுனியில் ஆடியது. "விட்டுடுச்சு!" அவர் மேலே ஏறி, ஈரம் போக இரண்டு கையையும் சுவரில் தேய்த்துவிட்டு, தானே கட்டையை வாங்கித் தானே மாட்டித் தானே சுவிட்சைப் போட்டார். அக்கா ஒதுங்கி நின்றாள்.

தரை அதிர்ந்தது. மோட்டார் ஓடியது. தண்ணீர் கால்வாயின் உதட்டைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒரு விரற்கடை இறங்கியது. இன்னொரு விரற்கடை. மத்தியானம் ஒரு மணிக்குக் கடல் சாலையை விட்டுப் போனபோது நூற்றிருபது பேட்டரிகளும் காய்ந்த காலோடு நின்றன. ஆஸ்பத்திரியில் யாரோ யாரிடமோ ஏதோ பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். தங்கள் பேச்சுக்காக இங்கே இவ்வளவு நடந்தது அவர்களுக்குத் தெரியாது.

சனிக்கிழமை விசாரணை நின்றுவிடவில்லை. பம்ப் கம்பெனி ஆள் பெட்டியைப் பார்த்ததும், "சீல் உடைஞ்சிருக்கு. இனிமே இதுக்கு நாங்க பொறுப்பில்ல" என்றார். நாளைக்கு சார் அக்கா எழுதிய புகாரை எடுத்து உரக்கப் படித்தார். மாப்பிள்ளை நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. பூட்டு வரைக்கும்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் புகார் எழுதிக் கொடுத்தது அப்போதுதான் தெரிந்தது.

"தண்ணி ஊத்தினது உண்டா?" என்றார் சார்.

"உண்டு."

"சீல உடைச்சது?"

"நான்தான்."

சார் பேனாவை எடுத்தார். அக்கா மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், முதல்ல இவர ஒண்ணு கேட்டுக்கறேன்" என்று கம்பெனி ஆள் பக்கம் திரும்பினாள். "நீங்க மாசாமாசம் வந்து மிதவையத் தூக்கிப் பாப்பீங்களா?"

"அது தானா தூக்கும்மா. தண்ணி வந்தா."

"நேத்து வந்துச்சே. தூக்கலையே."

அவர் தன் பையைத் திறந்து எதையோ தேடினார். கிடைக்கவில்லை.

"சார், பம்ப் ஓடினது இவர் சீல உடைச்சதால. ஓடாமப் போக இருந்தது நான் பூட்டுப் போட்டதால. அது ஆபீஸ் பூட்டு இல்ல, என் வீட்டுப் பூட்டு. எனக்கு உத்தரவு குடுத்தவங்க யாரும் கிடையாது. அதையும் எழுதிக்கோங்க. மேலயே எழுதுங்க, அடியில வேண்டாம்."

எழுதினார்கள். இருபத்தாறு வருஷத்தில் அவள் பெயரில் விழுந்த முதல் எச்சரிக்கை அதுதான். மாப்பிள்ளைக்கும் ஒரு எச்சரிக்கை விழுந்தது. ஆனால் வேலை அடுத்த மழைக்காலம் முடியும் வரை நின்றது. கம்பெனிக்காரர்கள் கம்பி இல்லாத வேறு மாதிரி மிதவையைக் கொண்டுவந்து மாட்டினார்கள்.

அன்று இருவரும் ஒரே வழியில்தான் வீட்டுக்கு நடந்தார்கள். சாலையெங்கும் மணலும் கிழிந்த வலைகளும் கிடந்தன.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கட்டுமா? மறைக்காம சொல்லணும்."

"கேளுங்க."

"ஊத்த ஊத்த மீட்டர் ஏறிச்சே. வேலை நிலைக்கும்னு மனசுக்குள்ள ஒரு சந்தோஷம் கொஞ்சம்கூட வரலையா?"

அவர் நின்றார். கடல் பக்கம் பார்த்தார். "வந்துச்சு. ரெண்டு வாளி போதும்னு தெரிஞ்சும் ரெண்டு நாள் மூணு ஊத்தினேன்."

அக்கா தலையை ஆட்டினாள். அந்த ஒரு வாளியை அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் மற்றதையெல்லாம் அவளால் முழுசாக நம்ப முடிந்தது. அதுதான் அவள் சுபாவம், என்ன செய்ய.

ஆனால் மாப்பிள்ளை உடனே பழையபடி ஆகிவிட்டார் என்று சொன்னால் உங்களிடம் பொய் சொன்னதாகும். மூன்று வாரம் மகள் வழியாகத்தான் பேச்சு. பிறகு மேலிடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது: இனி மிதவையை வாரம் இரண்டு முறை மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டும், இருவர் கையெழுத்துப் போட வேண்டும், இருவரில் ஒருவர் பேட்டரி அறைக்காரர். அக்கா கையெழுத்துப் போட்டு நீட்டினாள். மாப்பிள்ளை அதை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தார். திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தையும் பார்த்தார். அவள் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, அது என் கையெழுத்துதானான்னு சந்தேகமா?"

"பாத்துக்கறது நல்லதுதானே அத்தை" என்றார் அவர், சிரிக்காமல்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. பேனாவை அவர் பக்கம் தள்ளிவிட்டு, அவர் போட்டு முடிக்கும் வரை காத்திருந்தாள்.

இவ்வளவுதான் கதை. எழுந்து போகாமல் இருந்த உங்களுக்கு என்ன கொடுப்பேன்? உங்கள் வீட்டுத் தரை எந்தக் காலத்திலும் காய்ந்திருக்கட்டும். உங்கள் அடுப்பும் விளக்கும் அணையாமல் இருக்கட்டும். ஒருவர் கேட்காமலேயே ஒருவர் சொல்லிவிடுகிற வாய் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாய்க்கட்டும். தூரத்தில் இருக்கிற உங்கள் பிள்ளைகளின் குரல் கூப்பிட்டபோதெல்லாம் வந்து சேரட்டும். நல்லா இருங்கள், கண்ணுகளா. குடும்பத்தோடு நல்லா இருங்கள்.